அஞ்சலாட்சியின் நாற்காலி

ஜூலை 3

களக்குறிப்பில் ‘எனக்குத் தோன்றியது’ என்று எழுதக்கூடாது. பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். ஆய்வு மையத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான் பழகியிருக்கிறேன். இந்த முறை அது போதாது என்று படுகிறது. தோன்றுவதையெல்லாம் இங்கே கொட்டிவைக்கப் போகிறேன்.

காலையில் இயக்குநர் சடகோபன் சார் கூப்பிட்டார். டெல்லியிலிருந்து புது வேலை. நாட்டின் சுற்றுச்சூழல் கொள்கைகளை வகுப்பதிலும் முடிவெடுப்பதிலும் பெண்களுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று மாநிலம் மாநிலமாக அளந்து மதிப்பெண் போட வேண்டுமாம். காடு, கடற்கரை, நீர்நிலை, மாசு என்று எத்தனையோ குழுக்கள். தமிழ்நாட்டுப் பங்கு எங்கள் மையத்துக்கு வந்திருக்கிறது, மையத்தில் எனக்கு.

“ரொம்ப சிம்பிள் வேலைம்மா சாருமதி. எத்தனை நாற்காலி, அதுல எத்தனை பேர் பெண்கள். எண்ணினா முடிஞ்சுது” என்றார்.

செப்டம்பர் கடைசிக்குள் முடிக்க வேண்டும். வரும் வழியில் மகளுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கினேன். மித்ரா தொலைக்கும் வேகத்துக்கு மொத்தமாக வாங்கி அடுக்கிவைக்கலாம். கேஸ் புக் பண்ண மறந்துவிட்டேன்.

ஜூலை 6

பெயர்ப்பட்டியல்கள் வரத் தொடங்கிவிட்டன. பார்க்க நன்றாகவே இருக்கிறது. பல குழுக்களில் மூன்றில் ஒரு பங்கு பெண் பெயர்கள். சில இடங்களில் அதற்கும் மேல். சார் சந்தோஷப்பட்டார்.

எனக்கு என்னவோ திருப்தி இல்லை. நாற்காலி இருக்கிறது, சரி. அவள் வந்தாளா? வந்தால் பேசினாளா? பேசியதால் ஏதாவது மாறியதா? இந்த மூன்றையும் சேர்த்து அளக்கலாம் என்று எழுதிக் காட்டினேன்.

“வந்தாங்களான்னு பார்க்கலாம். மத்ததை எப்படிம்மா அளப்பீங்க?”

“நேர்ல போய் உட்கார்ந்து பார்க்கணும் சார்.”

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். “ஒரே ஒரு குழுவை எடுத்துக்குங்க. முயற்சி பண்ணிப் பாருங்க” என்றார். நல்ல மனிதர். இதை நான் அடிக்கடி எழுதுவேன் போலிருக்கிறது.

ஜூலை 9, ஞாயிறு

கீழே அப்பார்ட்மென்ட் சங்கக் கூட்டம். என் கணவர் தயாளன் போனார். பின்பக்கத்துக் கிணற்றை மூடிக் கார் நிறுத்துமிடம் ஆக்கலாமா என்று பேச்சாம். நான் மாவு அரைத்தேன்.

ஜூலை 18

கடலூர்ப் பக்கத்துக் கழிமுகப் பாதுகாப்புக் குழுவைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். இன்று முதல் கூட்டம். ஓர் ஓரமாக எனக்கு நாற்காலி போட்டார்கள். பார்வையாளர் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. அதை எழுதியதும் நான்தான்.

உறுப்பினர்களில் மூன்று பேர் பெண்கள், காகிதத்தில். ஒருவர் மீன்வளத் துறை அதிகாரி. அவருக்கு மாற்றல் ஆகிவிட்டது, அந்த இடம் காலி. இன்னொருவர் கல்லூரியில் தாவரவியல் சொல்லித்தரும் டாக்டர் பிலோமினா. நேரத்துக்கு வந்தார், எல்லாவற்றையும் கவனித்தார், ஏசியைக் குறைக்கச் சொன்னார். வேறெதுவும் பேசவில்லை. மூன்றாவது, வெள்ளோடைக்குப்பம் ஊராட்சித் தலைவர் அஞ்சலாட்சி.

அஞ்சலாட்சியின் நாற்காலியில் ஓர் ஆண் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் கைப்பேசி. அவருடைய கணவர் கலியமூர்த்தியாம். எல்லோரும் அவரைத்தான் “தலைவரே” என்று கூப்பிடுகிறார்கள். வருகைப் பதிவேட்டில் மனைவி பெயருக்கு நேரே அவரே கையெழுத்துப் போட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

கூட்டத்தின் முக்கிய விஷயம்: கழிமுகம் மண் மூடிக் கிடக்கிறது, தூர்வார வேண்டும். அள்ளும் மண்ணை எங்கே கொட்டுவது? ஊருக்கு எதிரே, நீர் வற்றும்போது வெளியே தெரியும் ஒரு சேற்றுத் திட்டு இருக்கிறது. அதன் மேல் கொட்டினால் வண்டி வாடகை மிச்சம் என்று பொறியாளர் சொன்னார். அந்தத் திட்டைச் சுற்றித்தான் ஊர்ப் பெண்கள் தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிப்பது.

கலியமூர்த்தி இரண்டு முறை வெளியே போய்விட்டு வந்தார். பீடி பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். வந்தவர், “ஊர்ல கலந்து பேசணுங்க, அடுத்த கூட்டத்துக்கு வச்சிக்கலாம்” என்று நிதானமாகச் சொன்னார். குழுவின் சேர்மனும் ஒத்துக்கொண்டார்.

அஞ்சலாட்சி: வரவில்லை. பேசவில்லை. எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம் போட்டேன்.

ஜூலை 19

சாரிடம் காட்டினேன். பதிவேட்டில் அஞ்சலாட்சி பெயரில் கையெழுத்து இருக்கிறதே, வந்ததாகப் போட்டுவிடலாமே என்றார்.

“போட்டது அவங்க வீட்டுக்காரர் சார்.”

“அது அடிக்குறிப்பும்மா. அட்டவணைக்குள்ள எதுக்கு?”

நான் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. சாருக்கு வேறு இருமல்.

ஜூலை 29

வெள்ளோடைக்குப்பம் போய்வந்தேன். அஞ்சலாட்சியைப் பார்க்கத்தான். வாயில்லாப் பூச்சி ஒருத்தி, கணவனின் நிழலில் ஒதுங்கி நிற்பவள் என்று மனதில் ஓர் உருவம் வைத்துக்கொண்டு போயிருந்தேன்.

ஊராட்சி அலுவலக வாசலில் ஒரு பெண் தண்ணீர் மோட்டார் போடுகிறவரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தாள். “தெற்குத் தெருவுக்கு மட்டும் மோட்டாருக்குத் தூக்கம் வந்துடுமா?” என்று கேட்டுவிட்டு, என்னைப் பார்த்ததும் அதே மூச்சில், “வாங்க, மெட்ராஸ் மேடமா? ஆடிக் கூழு ஊத்தறோம், மொதல்ல குடிங்க” என்றாள். அவள்தான் அஞ்சலாட்சி. நாற்பது வயதிருக்கும். அழுத்தமான குரல்.

வீட்டுக்குக் கூட்டிப்போனாள். கலியமூர்த்தி பின்கட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைக் கழுவிக்கொண்டு நாற்காலி எடுத்துப் போட்டார். கூட்டத்தில் பார்த்த வெள்ளைச் சட்டைக்காரரா இவர் என்றிருந்தது.

“நீங்க ஏன் கூட்டத்துக்கு வர்றதில்ல?” என்று கேட்டேன்.

“நான் போனா டீ குடுக்கறாங்க. அவரு போனா பதில் குடுக்கறாங்க. எனக்கு எது வேணும்னு சொல்லுங்க?”

கலியமூர்த்தி தலையைக் குனிந்து சிரித்தார்.

பிறகு அவளே சொன்னாள். கூட்டத்தின் நடுவில் அவர் வெளியே போவது பீடிக்கு இல்லை. இவளுக்குப் போன் போட, உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல. இவள் சொல்லும் பதிலைக் கேட்டு, உள்ளே போய் அதை அப்படியே பேச. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கச் சொன்னதும் இவள்தான். போன வருடம் இறால் பண்ணைக் கழிவுக் குழாயை நிறுத்தியதும் அப்படித்தானாம்.

“ஒரு வார்த்த கூட்டி, ஒரு வார்த்த கொறச்சி சொல்ல மாட்டாரு” என்றாள். அவள் முகத்தில் பெருமை தெரிந்தது. கணவனைப் பற்றியா, தன்னைப் பற்றியா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பஸ்ஸில் வரும்போது அதே யோசனை. கூட்டத்துக்கு வந்த பிலோமினாவால் ஒன்றும் மாறவில்லை. வராத அஞ்சலாட்சியால் மாறியிருக்கிறது. நான் யாருக்கு என்ன மதிப்பெண் போடுவது?

ஜூலை 30, ஞாயிறு

தயாளனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். “இதிலென்ன ஆச்சரியம்? உன் பேர்ல இருக்கற வீட்டுக்குச் சங்கத்துல நான்தானே பேசறேன்” என்றார். சிரித்துவிட்டேன்.

வித்தியாசம் ஒன்று இருக்கிறது. நடுவில் எனக்குப் போன் வருவதில்லை.

மிக்ஸி ஜார் கசிகிறது. கொடுத்துப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 8

சாரிடம் அஞ்சலாட்சியின் போன் விஷயத்தைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. நாற்காலி நுனிக்கு வந்து கேட்டார். பிரமாதம், பிரமாதம் என்றார். கடைசியில், “அப்ப அந்த நாற்காலிக்கு முழு மதிப்பெண்ணே போடலாமேம்மா. வந்தாங்க, பேசினாங்க, மாத்தினாங்க” என்றார்.

“அவங்க வரலையே சார்.”

“குரல் வந்துதே?”

அந்த முழு மதிப்பெண்ணோடு இடைக்கால அறிக்கை இன்று மாலை டெல்லிக்குப் போய்விட்டது. நான் ஆட்சேபம் சொன்னதை இங்கே குறித்துவைக்கிறேன். மெதுவாகச் சொன்னேன் என்பதையும்.

ஆகஸ்ட் 22

இரண்டாவது கூட்டம். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

புதிய கட்டடம். கைப்பேசிகளை வாசலிலேயே ஒரு தட்டில் வைத்துவிட்டு உள்ளே போகச் சொன்னார்கள். கலியமூர்த்தி தயங்கி நின்றுவிட்டு, வைத்தார். சேர்மன் இன்று நல்ல உற்சாகத்தில் இருந்தார். “தலைவர் இங்க வாங்க, என் பக்கத்துல உட்காருங்க” என்று கலியமூர்த்தியைக் கூப்பிட்டு அருகில் உட்காரவைத்துக்கொண்டார். கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று நினைக்கும் மனிதர், அவ்வளவுதான்.

தூர்வாரும் விஷயம் வந்தது. மழைக்கு முன்னால் தொடங்கியாக வேண்டும் என்று பொறியாளர் அவசரப்படுத்தினார். கலியமூர்த்தி எழுந்து, “வெளிய போயிட்டு வந்துடறனுங்க” என்றார்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “என்ன தலைவரே, வூட்ல பர்மிஷன் கேக்கணுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். பெரிய கேலியொன்றும் இல்லை, சும்மா சிரிப்பு. கலியமூர்த்தியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப திட்டு மேலயே கொட்டிக்கலாம். உங்களுக்கு ஆட்சேபம் இல்லையே?” என்று சேர்மன் கேட்டார்.

அவர் கை தானாகச் சட்டைப் பாக்கெட்டுக்குப் போனது. அது காலியாக இருந்தது. என்னைப் பார்த்தாரா, எனக்குப் பின்னாலிருந்த கதவைப் பார்த்தாரா, தெரியவில்லை. “இல்லிங்க” என்றார்.

ஏகமனதாக நிறைவேறியது. பிலோமினா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்வையாளர்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தால், கலியமூர்த்தி சிறு பாலத்தின் கட்டைமேல் உட்கார்ந்திருந்தார். அவருடைய பஸ் வந்து நின்று போனது. ஏறவில்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

“எல்லாரும் பாத்தாங்கம்மா. எழுந்து போவ வெக்கமா இருந்துச்சி.”

தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கி, குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

“அவகிட்ட நீங்க சொல்லிடறீங்களா?”

“அது நான் சொல்றது சரியா இருக்காதுங்க” என்றேன்.

ஆகஸ்ட் 23

நாள் முழுக்கத் தலைவலி. மித்ராவின் சீருடைக்கு அளவு கொடுத்தேன்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

அஞ்சலாட்சி போன் செய்தாள். பின்னால் கோழிச் சத்தம் கேட்டது.

“அன்னிக்கு நீங்களும் அங்கதான் இருந்தீங்களா?”

“இருந்தேன்.”

“சும்மா பாத்துக்கினா இருந்தீங்க?”

“ஆமா.”

“சரி” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. போன கூட்டத்தின் முடிவுகளைப் படித்து உறுதிசெய்யும் அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டாள். தேதி சொன்னேன். வைத்துவிட்டாள்.

கலியமூர்த்தி சாப்பிடுகிறாரா, வீட்டில் பேச்சுவார்த்தை இருக்கிறதா என்றெல்லாம் கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்கவில்லை.

செப்டம்பர் 3, ஞாயிறு

கிணற்றை மூடுவதாகச் சங்கத்தில் முடிவாகிவிட்டது. தயாளன் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். வந்து, தோசை கேட்டார்.

“யார் பேர்ல போட்டீங்க?” என்றேன்.

“உன் பேர்லதான். வீடு உன் பேர்லதானே இருக்கு?”

தோசையைத் திருப்பிப் போட்டேன். போன கோடையில் லாரித் தண்ணீருக்கு நாம் நின்றபோது அந்தக் கிணற்றில் தண்ணீர் இருந்தது என்று சொன்னேன்.

“வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே சாரு. நான் அப்படியே போய்ச் சொல்லியிருப்பேனே.”

உண்மையாகவே சொல்லியிருப்பார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

“நீங்க கேட்கலையே.”

“நீயும் ஒண்ணும் சொல்லலையே.”

இரண்டும் சரிதான். மித்ரா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு டிவி பக்கம் போய்விட்டாள்.

செப்டம்பர் 12

மூன்றாவது கூட்டம். இன்று நிறைய எழுத வேண்டும்.

நான் போனபோது அஞ்சலாட்சி வாசலில் நின்றிருந்தாள். மாம்பழ நிறப் பட்டுப்புடவை, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி. கலியமூர்த்தியும் கூட வந்திருந்தார். அவர் மரத்தடி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். வாசலில் இருந்த எழுத்தர் அவளை மறித்தார்.

“மனு குடுக்கறதுன்னா திங்கக்கிழமை வாம்மா.”

“நான் உறுப்பினரு.”

“எந்த ஊரு?”

சொன்னாள். எழுத்தர் அவளைத் தாண்டி மரத்தடியைப் பார்த்தார். “தலைவர் அங்க இருக்காரே?”

“தலைவர் இங்க நிக்கறன்” என்றாள். கைப்பேசியைத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தன் பெயர் எழுதியிருந்த இடத்தைத் தேடி உட்கார்ந்தாள். பேசிக்கொண்டிருந்தவர்களின் குரல் தணிந்தது. சேர்மன் வணக்கம் சொன்னார், மரியாதையாகவே. போன கூட்டத்தின் முடிவுகளை வாசித்தார்கள். திட்டு விஷயம் வந்ததும் அஞ்சலாட்சி கையைத் தூக்கினாள்.

“இதுக்கு எங்க ஊரு ஒத்துக்கல.”

“உங்க வீட்டுக்காரர் ஒத்துக்கிட்டாரேம்மா? எல்லாரும் இருந்தோமே.”

“அவரு உறுப்பினருங்களா?”

சேர்மன் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார்.

“அவரு உறுப்பினருன்னா அந்த ஆர்டரைக் காட்டுங்க. இல்லன்னா, அவரு சொன்னது வூட்டுப் பேச்சி. குழுப் பேச்சி இல்ல.”

பொறியாளர் சிரிக்கப் பார்த்தார். யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. அப்படியென்றால் மூன்று வருடமாக அவர் உட்கார்ந்து எடுத்த முடிவுகள் எல்லாம் என்ன ஆவது என்று ஒருவர் கேட்டார். “அதை என்ன கேட்டா? அவர உக்கார வச்சது நீங்க” என்றாள் அஞ்சலாட்சி. கொஞ்சம் யோசித்து, “அனுப்பி வச்சது நான். அந்தத் தப்பு எனக்குப் பாதி இருக்கட்டும்” என்றாள்.

சேர்மன் நெற்றியைத் துடைத்தார். சுற்றிலும் பார்த்து, கடைசியில் என்னிடம் வந்தார். “மேடம், நீங்க எல்லாக் கூட்டத்துலயும் இருந்து பார்க்கறீங்க. போன தடவை என்ன நடந்துதுன்னு நீங்க சொல்லுங்களேன்.”

நான் பார்வையாளர், கருத்துச் சொல்லக் கூடாது என்று சொல்லிவிடலாம். அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். அத்தோடு விஷயத்தை முடித்துவிடலாம் அல்லவா? டெல்லிக்குப் போன அறிக்கை ஞாபகம் வந்தது. அதில் இந்த நாற்காலிக்கு முழு மதிப்பெண் போட்டிருக்கிறோம், கீழே என் பெயர் இருக்கிறது. எழுந்து நின்றேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. யாரும் எழச் சொல்லவில்லை.

“போன கூட்டத்துல அஞ்சலாட்சி இல்லை. கலியமூர்த்திதான் இருந்தார். ஆட்சேபம் இல்லைன்னு சொன்னது அவர்” என்றேன்.

அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். “அதுக்கு முன்னாடி வெளிய போய்ப் பேசிட்டு வரணும்னு கேட்டார். நாம சிரிச்சோம்” என்றேன்.

‘நாம’ என்றுதான் சொன்னேன். அன்று நான் சிரிக்கவில்லை. இருந்தாலும் வேறு எந்தச் சொல்லும் வரவில்லை.

யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். பிலோமினா. “சேர்மன் சார், நானும் போன தடவை ஒத்துக்கலை. ஏகமனதாகன்னு எழுதியிருக்கு. என்னை யாரும் கேட்கவும் இல்லை” என்றார். பேசப் பேச அவர் கழுத்தெல்லாம் சிவந்தது. திட்டை மூடினால் அதன் ஓரத்து அலையாத்திச் செடிகளும் போகும், மாற்று இடம் பார்க்க வேண்டும் என்றார். அந்தக் குழுவில் அவர் ஏசி தவிர வேறொன்றைப் பற்றிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பழைய முடிவை ரத்துசெய்துவிட்டு மீண்டும் பேசினார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அஞ்சலாட்சி சொன்ன இடமும் சரிப்படவில்லை, அங்கே வண்டி போகாது. நாலைந்து இடம் பேசி, கடைசியில் பயன்படாமல் கிடக்கும் பழைய உப்பளத்தில் கொட்டுவதாக முடிவு. வாடகை அதிகம் என்று பொறியாளர் முனகினார். எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அஞ்சலாட்சி என் கையைப் பிடித்தாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. பிறகு விட்டுவிட்டு மரத்தடிக்கு நடந்தாள். கலியமூர்த்தி எழுந்து, அவள் முகத்தைப் பார்த்தார். கேட்க வேண்டியதில்லை என்று தெரிந்துவிட்டது போல. பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

செப்டம்பர் 13

சார் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு நின்றேன். நேற்றுக் கூட்டத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும், நான் பேசிவிட்டேன், பார்வையாளர் தலையிட்ட கூட்டம் செல்லாது என்றேன். இடைக்கால அறிக்கையில் போட்ட முழு மதிப்பெண்ணையும் திருத்த வேண்டும் என்றேன்.

சார் அட்டவணையை எடுத்துப் பார்த்தார்.

“நாம பார்த்ததுலயே, ஒரு பெண் பேசி முடிவு மாறின ஒரே இடம் அது. அதையும் எடுத்துட்டா நம்மகிட்ட என்னம்மா இருக்கும்?”

“பூஜ்யம் இருக்கும் சார்.”

“டெல்லில என்ன சொல்வாங்க தெரியுமா? தமிழ்நாடு முதல் மூணுக்குள்ள வரும்னு ஏற்கெனவே பேசிட்டாங்க.”

“தெரியும் சார்.”

ஜன்னலைப் பார்த்தார். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். திட்டியிருந்தால் எழுந்து வந்திருப்பேனோ என்னவோ.

“நான் பேசறேன் அவங்ககிட்ட” என்றார். உடனே தலையை ஆட்டிக்கொண்டார். “இல்ல. நான் பேசினா அதுவும் அதே கதைதான். நீங்க பேசுங்க. நான் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன்.”

செப்டம்பர் 21

டெல்லியோடு காணொளிக் கூட்டம். பேசினேன். முதல் ஐந்து நிமிடம் மைக் அணைந்திருந்தது. யாரும் சொல்லவில்லை. சார்தான் கையை நீட்டி அழுத்தினார். திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன்.

நிறைய கேட்டார்கள். ‘பேசினாளா, மாறியதா’ என்பதை எல்லா மாநிலத்திலும் அளக்க ஆளும் நேரமும் இல்லை என்றார்கள். நியாயம்தான். ஆனால் நாற்காலி எண்ணிக்கையை ‘சமத்துவம்’ என்ற தலைப்பில் போடாதீர்கள், ‘நாற்காலி’ என்றே போடுங்கள் என்று சொன்னேன். அங்கே இருந்த ஒரு பெண் அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

முடிவு: தலைப்பு மாறுகிறது. யார் வந்தார்கள் என்பது எல்லா மாநிலத்துக்கும் சேர்கிறது. பேசியதும் மாறியதும் எங்கள் ஒரு குழுவை வைத்துத் தனி இணைப்பாகப் போகும். தமிழ்நாடு எட்டாவது இடத்துக்கு இறங்கிவிட்டது. சார் இரண்டு காபி வரவழைத்தார்.

செப்டம்பர் 24, ஞாயிறு

சங்கக் கூட்டத்துக்கு நானே போனேன். கிணற்றை வியாழக்கிழமையே கட்டடக் கழிவு கொட்டி மூடிவிட்டார்கள். மேலே சிமென்ட் இன்னும் காயவில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னேன். “முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார் செயலாளர். மழைநீர்க் குழிகள் தோண்டுவதற்கு இரண்டு பேர் ஆதரவு. அடுத்த மாதம் பேசலாம் என்றார்கள்.

தயாளனும் வந்திருந்தார், பின்வரிசையில். யாரோ அவரிடம் ஏதோ கேட்டார்கள். என்னைக் கைகாட்டினார்.

அக்டோபர் 5

அறிக்கை அச்சுக்குப் போய்விட்டது. மத்தியானம் அஞ்சலாட்சி போன் செய்தாள். உப்பளத்தில் மண் கொட்டத் தொடங்கிவிட்டார்களாம். வண்டி போய்ப் போய் ரோடு குழியாகிவிட்டது, அதற்கும் சண்டை போட வேண்டும் என்றாள். சிரித்தோம். தனக்கு எத்தனை மதிப்பெண் வந்தது என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். தான் ஜெயித்த கூட்டம் கணக்கிலேயே இல்லையா என்று திருப்பிக் கேட்டாள்.

“போனா போவுது. திட்டு இருக்குதில்ல” என்றாள்.

பிறகு குரலை இறக்கினாள். “ஒண்ணு சொல்லட்டுமா? யாரண்டயும் சொல்லாதீங்க.”

தலைவரான புதிதில் முதல் கூட்டத்துக்கு அவள்தான் போயிருக்கிறாள். ஏதோ கேட்டாளாம். அவள் பேசிய மாதிரியே ஒருவர் இழுத்து இழுத்துப் பேசிக் காட்ட, அறை முழுக்கச் சிரிப்பு. அத்தனை பேரும் சிரித்தார்களாம், டீ கொண்டுவந்தவர்கூட.

“வூட்டுக்கு வந்து அவருகிட்ட, இனிமே நீ போ, நான் போன்ல இருக்கன்னு சொன்னன். அவரு போனா பதில் குடுக்கறாங்கன்னு பெருமையா சொன்னன். உங்ககிட்டயும் அப்பிடியேதான் சொன்னன். நெசம் என்னான்னா, பயம். அன்னிக்கிப் பட்டுப்புடவ கட்டிக்கினு வந்தன் பாருங்க, உள்ள காலு ரெண்டும் ஆடிச்சி.”

எனக்கும் ஆடியது என்றேன்.

“அடுத்த கூட்டத்துக்கு வருவீங்களா?”

“என் வேலை முடிஞ்சுதே அஞ்சலாட்சி. இனிமே உள்ள விட மாட்டாங்க.”

“வேலையாவா கூப்பிடறன்?” என்றாள்.

அக்டோபர் 17

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் காலை பஸ்ஸில் போனேன். மரத்தடி பெஞ்சில் கலியமூர்த்தி இடம் பிடித்து வைத்திருந்தார். மழை வருவது போலிருந்தது. அஞ்சலாட்சி இன்று சாதாரண நூல்புடவையில் வந்திருந்தாள். எழுத்தர் எழுந்து வழிவிட்டார். அவள் எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினார்கள்.

எழுதுவதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. கலியமூர்த்தி வேர்க்கடலை வாங்கி வந்தார். இருவரும் சாப்பிட்டோம். அவர் கைப்பேசி பாக்கெட்டில் சும்மா கிடந்தது. உள்ளே யாரோ பேசுவதும் நிறுத்துவதும் கேட்டது. பிறகு அவள் குரல். வார்த்தை புரியவில்லை, குரல் மட்டும். நீளமாக எதையோ சொல்லிக்கொண்டு போனாள்.

திடீரென்று உள்ளே சிரிப்புச் சத்தம். நிறைய பேர் சிரிக்கிறார்கள். கலியமூர்த்தியின் கையில் கடலை அப்படியே நின்றது. நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இருவரும் கதவையே பார்த்தோம்.

அப்போது எல்லாச் சிரிப்புக்கும் மேலே ஒரு சிரிப்பு எழுந்தது. அழுத்தமாக, நிறுத்த முடியாமல்.

“அவதான்” என்றார் கலியமூர்த்தி. கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.